தீப்பெட்டி மறந்த நாள்

ட்ராம் ஓட்டும்போது எனக்கு எதுவும் தப்பாது.
குறுக்கே ஓடும் பையனின் அவிழ்ந்த ஷூ நாடா,
மூன்றாம் கதவில் சிக்கிய குடை,
சிக்னல் மாறுவதற்கு முந்தைய அந்த அரை மூச்சு
எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வரும்.
இருபத்தோரு வருடம். வண்டியில் ஒரு கீறல் இல்லை.

டிப்போவில் இறங்கினால் வேறு ஆள்.

வாஷிங் மெஷினில் அதே துணி
மூன்றாம் முறையாகச் சுழல்கிறது.
இரண்டு முறை எடுக்க மறந்து
ஊறிப் புளித்த நாற்றம் அடித்த துணி.
மின்கட்டண ரசீது மேஜைமேல் இருக்கிறது.
பணமும் இருக்கிறது.
இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று
செசாரி கேட்டான்.
கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
"உனக்கு அக்கறை இல்லை, மால்வினா."

அக்கறை.
அந்தச் சொல்லை யோசிக்கப் போய்
அடுப்பில் உருளைக்கிழங்கு அடிபிடித்தது.

வூச் என்றால் படகு.
பெயரில்தான் படகு. ஆறுகளையெல்லாம்
ஆலைகள் வந்த காலத்தில் மூடிவிட்டார்கள்.
என் தண்டவாளத்துக்குக் கீழே எங்கோ
இன்னும் ஓடுகின்றனவாம்.
இதை ஏன் சொல்கிறேன்?
கேள்வித்தாளைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அது ஏழு மாதம் என் கைப்பையில் கிடந்தது
வெண்ணெய்க் கறையோடு.
"வேலைகளைக் கடைசிவரை தள்ளிப்போடுவீர்களா?"
என்பது அதில் நாலாவது கேள்வி.
உட்கார்ந்திருக்கும்போது கால் ஆடுமா என்றார்
மருத்துவர் ஒகோன்ஸ்கா.
குனிந்து பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது.
பிறர் பேசி முடிப்பதற்கு முன்பே நீங்கள்
என்று அவர் தொடங்கினார்,
ஆமாம் என்றேன்.
எதையோ குறித்துக்கொண்டார்.

நாற்பத்தெட்டு வயதிலா, என்றேன்.
"மேசைமேல் ஏறிக் குதிக்கும் பையன்களைத்தான்
அன்றைக்கு எல்லோரும் கவனித்தார்கள்.
ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே
காணாமல் போன பெண்களை
யாரும் தேடவில்லை."
நான் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கேட்டார்:
குடும்பத்தில் வேறு யாராவது?

அப்பா. இரெனெயூஷ்.
பால்கனிக் கம்பிகளில் நான்குக்குப் பச்சை பூசினார்.
ஐந்தாவதிலிருந்து துரு.
அந்த வீட்டை விற்கும்வரை அப்படியே இருந்தது.
ஆறு வேலை மாறினார்.
கைக்கடிகாரத்தைத் தேடினால்
ஃபிரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில் கிடைக்கும்.
ஆனால் படிக்கட்டில் நின்றபடியே சொல்லிவிடுவார்
நாற்பது தறிகளில் எது இருமுகிறது என்று.
அம்மா சோம்பேறி என்பாள்.
அவரும் தலையாட்டுவார்,
சட்டை அளவைச் சொன்னதைப் போல.

எல்லாப் புனிதர்களின் நாள்.
காலை ஷிப்ட் முடித்துக் கல்லறைக்குப் போனேன்.
சிவப்புக் கண்ணாடி விளக்குகள் ஆறு வாங்கி
பயணியாக ஏறிய ட்ராமின் சீட்டிலேயே விட்டேன்.
திரும்ப வாசலில் வாங்கினேன்.
கல்லைத் துடைத்தேன், இலைகளை அள்ளினேன்,
விளக்குகளை வரிசையாக வைத்தேன்.
தீப்பெட்டி இல்லை.

முன்பென்றால் அங்கேயே என்னைத் திட்டியிருப்பேன்,
அப்பாவின் காது கேட்க, அம்மாவின் குரலில்.
இந்த முறை பக்கத்துக் கல்லறையில்
சாமந்தித் தொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தவரிடம்
நெருப்பு இருக்கிறதா என்றேன். கொடுத்தார்.
காற்று இரண்டு முறை அணைத்தது.

அப்பா, அது சோம்பல் இல்லை,
அதற்கு ஒரு பெயர்
என்று தொடங்கினேன்.
அதற்குள் ஒரு அணில் தேவதையின் தலையில் ஏறி
சிறகுக்குள் எதையோ ஒளித்தது.
எங்கே வைத்தோம் என்று அதற்கு நினைவிருக்குமா?
அப்பாவும் இதைத்தான் யோசித்திருப்பார்.
வாக்கியம் பாதியில் நின்றது.
அவருக்குப் பாதி போதும்.

வீட்டில் கோட்டைக் கழற்றினால்
பையில் ஆரஞ்சு நிற லைட்டர், அந்த ஆளுடையது.
செசாரியிடம் நீட்டினேன்.
அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தன் கோட்டை எடுத்துக்கொண்டான்.
"வா, இன்னும் அங்கேதான் இருப்பார்."